நிர்வாகப் படிப்பும் நமது சங்கங்களும்

தறியில் அமர்ந்து நல்ல சேலை நெய்வதற்குப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும். பன்னீர் திராட்சைக் கொடியை எந்தக் கணுவில் கவாத்துச் செய்வதென்று அறியப் பல பருவங்கள் தோட்டத்தில் நின்று பார்க்கவேண்டும். இவற்றை நம் அங்கத்தினர்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும், நூறு தறிகளுக்கு நூல் வாங்கிக் கொடுத்து, கூலி வழங்கி, நெய்த சரக்கை விற்று, வங்கிக் கடனையும் அடைக்கவேண்டிய ஒரு சங்கத்தை நடத்துவதற்கென்று தனியே ஒரு படிப்பு வேண்டுமென்றால், நம்மில் பலர் வியப்படைகிறோம். நாணயமும் நல்லெண்ணமும் இருந்தால் போதாதா என்று வினவுகிறோம்.

நாணயமும் நல்லெண்ணமும் இன்றியமையாதவையே. அவை இல்லாத சங்கம் ஓராண்டுகூட நிலைக்காது. ஆனால் அவற்றை மட்டுமே கொண்ட சங்கங்கள் பத்தாண்டுகளில் மெல்ல மெல்லத் தேய்ந்து போவதையும் ஆய்வுப் பணியில் நாம் காண்கிறோம். அங்கே கையாடல் எதுவும் இராது. பதிவேடுகள் ஒழுங்காக இருக்கும். காரியதரிசி காலையில் வந்தால் இரவில்தான் வீடு திரும்புவார். எனினும் சரக்கு அறையில் போன ஆண்டுச் சேலைகள் அடுக்கியிருக்கும். நெசவாளிக்கு வாரத்தில் மூன்று நாள் வேலைக்குத்தான் பாவு கிடைக்கும். இந்நிலைக்குக் காரணம் யாது, பரிகாரம் யாது என்று ஆராயப் புகுந்தால், வணிக நிர்வாகம், பொது நிர்வாகம் என்னும் இரண்டு மேற்படிப்புகளைக் குறித்து நம் சங்கங்கள் சிந்திக்கவேண்டியது அவசியமாகிறது.

இரு படிப்புகளின் இயல்பு

வணிக நிர்வாகப் படிப்பு என்பது எம்.பி.ஏ. என்ற பெயரால் எல்லோருக்கும் அறிமுகமானது. ஒரு பட்டம் பெற்றபின் இரண்டாண்டு படிப்பது. அடக்க விலை காணுதல், நடைமுறை மூலதனத்தைச் சுழற்றுதல், சரக்கு இருப்பைக் கட்டுக்குள் வைத்தல், சந்தையின் போக்கை அறிதல், வேலை செய்வோரை நல்ல முறையில் நடத்துதல் ஆகியவை இதன் முக்கியப் பாடங்கள்.

பொது நிர்வாகப் படிப்பு வேறொரு வகையைச் சார்ந்தது. பலருக்கும் சொந்தமான ஒன்றை, பலரும் கொடுத்த அதிகாரத்தைக் கொண்டு, விதிப்படி எவ்வாறு நடத்துவது என்பதே அதன் பொருள். யார் எதற்கு உத்தரவிடலாம், செலவுக்கு யார் பொறுப்பு, பாதிக்கப்பட்டவர் முறையிடும்போது எப்படி விசாரிப்பது, வரவு செலவுத் திட்டம் எவ்வாறு வகுப்பது, தணிக்கை எதற்காக என்பனவற்றை அது கற்பிக்கிறது. அரசு அலுவலகங்களுக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் இப்படிப்பு அடிப்படையானது.

நம் பள்ளத்தாக்கின் விவசாயிக்கு இவ்வேறுபாட்டை எளிதில் விளக்கலாம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வரும்போது, மேல்மடைக்காரனுக்கும் கடைமடைக்காரனுக்கும் முறை வைத்துப் பாய்ச்சுகிறோமல்லவா, அது பொது நிர்வாகம். கிடைத்த தண்ணீரில் நெல் நடுவதா, வாழை வைப்பதா, எது கட்டுப்படியாகும் என்று கணக்குப் பார்க்கிறோமல்லவா, அது வணிக நிர்வாகம். முறை தவறினால் ஊரில் சண்டை வரும். கணக்குத் தவறினால் வீட்டில் கடன் வரும். இரண்டில் ஒன்று மட்டும் தெரிந்தவன் நல்ல விவசாயியாக இருக்க இயலாது.

கூட்டுறவுச் சங்கத்தின் நிலையும் இதுவே. தனியார் கடைக்கு வணிக அறிவு போதும். லாபமோ நஷ்டமோ முதலாளியைச் சேர்ந்தது. அரசு அலுவலகத்திற்கு விதி அறிவு பெரும்பாலும் போதும். அது சரக்கு விற்றுச் சம்பளம் கொடுப்பதில்லை. சங்கமோ சந்தையில் கடைக்காரரோடு போட்டியிடவேண்டும். அதே சமயத்தில் அரசு அலுவலகத்தைப் போல ஒவ்வோர் அங்கத்தினருக்கும் பதில் சொல்லவும் வேண்டும்.

ஒரு சேலையின் கணக்கு

வணிக நிர்வாகம் நெசவாளியின் கூலியை எவ்வாறு தொடுகிறது என்பதற்கு ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். எண்கள் விளக்கத்திற்காக நாம் வைத்துக்கொண்டவை. சக்கம்பட்டியானாலும் வேறு ஊரானாலும் கணக்கின் வழி ஒன்றே.

ஒரு பருத்திச் சேலைக்கு நூல் ரூ. 400, சாயமும் பாவு வேலையும் ரூ. 100, நெசவுக் கூலி ரூ. 450 என்று கொள்வோம். அடக்கம் ரூ. 950. விற்பனை விலை ரூ. 1,050. சேலைக்கு ரூ. 100 மிச்சம் என்று காரியதரிசி கணக்கு எழுதுகிறார். தவறு எதுவும் இல்லை. ஆனால் அந்தச் சேலை நெய்து முடித்தபின் எட்டு மாதம் அலமாரியில் கிடந்து பிறகு விற்கிறது. நூலும் கூலியும் வங்கிக் கடனில் வாங்கியவை. ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்றால், ரூ. 950-க்கு எட்டு மாத வட்டி ரூ. 76 ஆகிறது. மிச்சமென்று எழுதிய 100 ரூபாயில் 24 ரூபாய்தான் எஞ்சியது. கட்டட வாடகை, மின்கட்டணம், ஊழியர் சம்பளம் ஆகிய யாவும் அந்த 24 ரூபாயிலிருந்துதான் வரவேண்டும். மடிப்பில் சாயம் மங்கிய சேலையைத் தள்ளுபடியில் விற்றால் அதுவும் போயிற்று.

இதனினும் முக்கியமானது மற்றொன்று. இப்படி ஆயிரம் சேலை கிடந்தால் அவற்றில் முடங்கிய பணம் ரூ. 9,50,000. எட்டு மாதத்திற்கு ஒருமுறை அப்பணம் திரும்பி வருமானால், ஓராண்டில் அதைக் கொண்டு 1,500 சேலை நெய்யலாம். நான்கு மாதத்திற்கு ஒருமுறை திரும்புமானால், அதே பணத்தில் 3,000 சேலை நெய்யலாம். புதிதாக ஒரு ரூபாய் கடன் வாங்காமலே நெசவாளிக்கு வேலை இரு மடங்காகிறது. கூலியாகப் பார்த்தால், ஆண்டில் ரூ. 6,75,000 என்றிருந்தது ரூ. 13,50,000 ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் வேலைக்கும் ஆறு நாள் வேலைக்கும் உள்ள தூரம் இதுதான்.

சரக்கு ஏன் எட்டு மாதம் கிடந்தது? எந்த ரகம் எந்த மாதத்தில் எங்கே விற்கிறது என்று எவரும் குறித்து வைக்கவில்லை. போன தீபாவளிக்கு ஓடிய கரையையே இவ்வாண்டும் நெய்தார்கள். நின்றுபோன ரகத்தை நிறுத்தச் சொன்னால் அந்த ரகம் நெய்யும் அங்கத்தினர்கள் வருந்துவார்களே என்று நிர்வாக சபை தயங்கியது. அவர்களுக்கு வேறு ரகம் பழக்கித் தரும் யோசனை எவருக்கும் தோன்றவில்லை. இவை யாவும் வணிக நிர்வாக வகுப்பில் முதலாண்டுப் பாடங்கள்.

சங்கங்களுக்குக் கணினி வந்துகொண்டிருக்கிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2022-ல் ஒப்புதல் அளித்தது. இது வரவேற்கத்தக்கதே. எனினும் கணினி, எந்தச் சரக்கு எத்தனை நாள் கிடக்கிறதென்று காட்டும். அதைப் படித்து என்ன செய்யவேண்டுமென்று முடிவெடுப்பவர் மனிதர்தாம்.

விதி என்பது தடை அன்று

இனிப் பொது நிர்வாகத்தைக் கவனிப்போம். விதிகள் என்றாலே வேலையைத் தாமதப்படுத்துபவை என்ற எண்ணம் நம் மக்களிடையே இருக்கிறது. இந்த எண்ணம் தவறென்பதற்கு நம் நாட்டுச் சரித்திரமே சான்று. உத்தரமேரூர்க் கோயிற் கல்வெட்டுகள், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்டவை. ஊர் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவை விவரிக்கின்றன. முப்பத்தைந்து வயதுக்குக் குறைந்தவரும் எழுபது வயதுக்கு மேற்பட்டவரும் கூடாது. கல்வித் தகுதியும் வேண்டும். முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் கூடாது. அவருடைய உறவினரும் கூடாது. அம்முறையில் பிறப்பையும் நிலவுடைமையையும் சார்ந்த கட்டுப்பாடுகளும் இருந்தன. அவற்றை இன்றைய சங்கங்கள் ஏற்கமாட்டா. ஆனால், பொதுப் பணத்தைக் கையாளுபவருக்குத் தகுதி வேண்டும், அவர் கணக்குக் காட்டவேண்டும் என்னும் தத்துவம் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டப்பட்டது என்பதை நாம் மறக்கலாகாது.

விதியை அறிந்தவர் அதைக் கொண்டு வேலையை விரைவுபடுத்தவும் கூடும். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் அறுவடைக்கு வந்துகொண்டே இருக்கிறது. 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பழமோ வெட்டியபின் காத்திருக்காது. விளைவிப்போர் சங்கம் ஒன்று திராட்சையை விற்பதாக வைத்துக்கொள்வோம். காலை ஆறு மணிக்கு வெளியூர் வியாபாரி ஒரு விலை கேட்கிறார். தனியார் மண்டிக்காரர் அந்த நிமிடமே சரி என்பார், அல்லது மறுப்பார். சங்கத்தின் காரியதரிசியோ நிர்வாக சபையைக் கேட்கவேண்டும் என்கிறார். சபை கூடுவதற்குள் பழம் அழுகிவிடும். துணிந்து விற்றுவிட்டால், பிற்பாடு விலை ஏறும்போது, யாரைக் கேட்டு விற்றாய் என்று மகாசபையில் கேள்வி எழும். ஆகவே அஞ்சிய காரியதரிசி வாளாவிருந்துவிடுகிறார். குற்றம் அவர்மேல் மட்டும் இல்லை.

இரு படிப்பையும் உணர்ந்தவர் இதை வேறு விதமாகச் செய்வார். பருவத் தொடக்கத்திலேயே நிர்வாக சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவருவார். அடக்க விலையைக் கணக்கிட்டு, இன்ன விலைக்குக் குறையாமல் இருந்தால் காரியதரிசி உடனே விற்கலாம். அதற்குக் குறைந்தால் தலைவரையும் ஓர் இயக்குநரையும் தொலைபேசியில் கலந்து விற்கலாம். ஒவ்வொரு நாள் விற்பனையையும் மாலையில் பலகையில் எழுதிப் போடவேண்டும் என்று அத்தீர்மானம் சொல்லும். அடக்க விலை கண்டது வணிக நிர்வாகம். அதிகாரத்தை வரம்பு கட்டி ஒப்படைத்து, கணக்கை எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தது பொது நிர்வாகம். இரண்டும் சேர்ந்த இடத்தில் பழம் விற்கிறது. காரியதரிசியும் இரவில் நிம்மதியாக உறங்குகிறார்.

இப்படிப்பு வளர்ந்த கதை

நிர்வாகத்தைக் கல்லூரியில் கற்பிக்கலாம் என்ற கருத்து மிகப் பழையதன்று. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் கல்லூரி 1881-ல் தோன்றியது. 1908-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் வணிக நிர்வாகத்தில் மேற்பட்ட வகுப்பைத் தொடங்கியது. நம் நாடு விடுதலை பெற்றபின், 1954-ல் டெல்லியில் இந்தியப் பொது நிர்வாக நிறுவனம் அமைந்தது. 1961-ல் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் இந்திய மேலாண்மை நிறுவனங்கள் எழுந்தன. பெருந்தொழில்களும் பொதுத்துறை நிறுவனங்களும் வளர்ந்த அக்காலத்தில், அவற்றை நடத்த ஆட்கள் வேண்டியிருந்தது.

ஆனால் விவசாயிக்கும் நெசவாளிக்கும் அதனால் கிடைத்த பயன் குறைவே. அங்கே படித்தவர்கள் பெரிய கம்பெனிகளுக்குச் சென்றார்கள். கிராமச் சங்கம் கொடுக்கக்கூடிய சம்பளமும் குறைவு. கிராமத்தைப் பற்றி அவர்கள் படித்ததும் குறைவு. இக்குறையை நீக்க முயன்றவர்களில் இருவரை நம் வாசகர்கள் அறிந்துகொள்ளவேண்டும். இருவர் குடும்பமும் கேரளத்தைச் சேர்ந்தது.

முதல்வர் வர்கீஸ் குரியன். சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலும் படித்து, அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்துத் திரும்பியவர். 1949-ல் குஜராத்தின் ஆனந்த் என்ற சிற்றூருக்கு அரசுப் பணியின் பொருட்டுச் சென்றார். அங்கே திரிபுவன்தாஸ் பட்டேலின் தலைமையில் பால் உற்பத்தியாளர்கள் 1946-லேயே தம் கூட்டுறவு ஒன்றியத்தை அமைத்திருந்தார்கள். விவசாயிகள் தலைமை தாங்கினார்கள். படித்தவரை வேலைக்கு அமர்த்தினார்கள். அவரிடம் பொறுப்பையும் ஒப்படைத்தார்கள். திரிபுவன்தாஸ் பட்டேல் அங்கத்தினரின் நம்பிக்கையைக் காத்தார். குரியன் ஆலையையும் சந்தையையும் கவனித்தார். ஒருவர் வேலையில் மற்றவர் குறுக்கிடவில்லை. அமுல் என்ற பெயர் இன்று நாடெங்கும் அறியப்பட்டதற்கு இந்தப் பிரிவினை ஒரு முக்கிய காரணம். இத்தகைய ஆட்களைத் தொடர்ந்து உருவாக்குவதற்காகவே குரியன் 1979-ல் ஆனந்தில் கிராம மேலாண்மை நிறுவனத்தை நிறுவினார். அங்கே மாணவர்கள் கிராமத்தில் தங்கி அங்குள்ள வாழ்வை அறிவதும் படிப்பின் ஓர் அங்கம். பாராளுமன்றம் 2025-ல் இயற்றிய சட்டத்தின்படி அந்த நிறுவனமே திரிபுவன் கூட்டுறவுப் பல்கலைக்கழகமாக ஆகியிருக்கிறது. பல்கலைக்கழகத்திற்குச் சூட்டிய பெயர், படித்த நிர்வாகிக்கு இடமளித்த விவசாயத் தலைவரின் பெயர் என்பது கருதத்தக்கது.

இரண்டாமவர் ரவி மத்தாய். இவருடைய தந்தை ஜான் மத்தாய், நாட்டின் நிதியமைச்சராக விளங்கியவர். அதற்குப் பல ஆண்டுகள் முன்பு சென்னை மாகாணக் கூட்டுறவுத் துறையில் சிறப்பு அலுவலராகவும் பணியாற்றியவர். ரவி மத்தாய் 1965 முதல் 1972 வரை ஆமதாபாத் மேலாண்மை நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். பிறகு தாமாகவே அப்பதவியை விட்டு ஆசிரியராக அங்கேயே தொடர்ந்தார். 1975-ல் அவரும் சக ஆசிரியர்களும் இராஜஸ்தானத்தில் அஜ்மீர் மாவட்டத்தைச் சேர்ந்த ஜவாஜா என்ற வறண்ட வட்டாரத்திற்குச் சென்றார்கள். அங்கிருந்த நெசவாளரோடும் தோல் தொழிலாளரோடும் பல ஆண்டுகள் பழகி உழைத்தார்கள். ஆமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் புதிய விரிப்புகளுக்கும் பைகளுக்கும் மாதிரி வகுக்க உதவியது.

அங்கே அவர்கள் சரக்கை வாங்கி விற்றுக் கொடுக்கும் புரவலர்களாகச் செல்லவில்லை. வங்கிக்குச் செல்வதும், விலை பேசுவதும், கணக்கு வைப்பதும், தரம் பார்ப்பதும் தொழிலாளரே செய்யப் பழகவேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார்கள். அம்முயற்சியிலிருந்து ஜவாஜாக் கைவினைஞர்களின் கூட்டமைப்பு பிறந்தது. நிர்வாகம் என்பது கோட்டு அணிந்தவர்களுக்கு மட்டும் உரியது, நெசவாளிக்கு எட்டாதது என்று எவரேனும் சொன்னால், ஜவாஜாவைச் சுட்டிக்காட்டலாம்.

நமக்கு அருகில் உள்ளவை

நம் பள்ளத்தாக்கின் இளைஞர் ஆனந்துக்கோ ஆமதாபாத்துக்கோ செல்ல இயலாவிடினும், அருகிலேயே வாய்ப்புகள் இருக்கின்றன. திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமத்தில் 1956-ல் தொடங்கிய கிராமியக் கல்வி நிறுவனம் 1976 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. அங்கே கூட்டுறவுக்கென்றே ஒரு துறை உண்டு. மதுரையில் கூட்டுறவு மேலாண்மைக்கான நிறுவனம் இருக்கிறது. ஆண்டிபட்டியில் கூட்டுறவு மேலாண்மைப் பட்டயப் பயிற்சி நிலையம் உள்ளது. மதுரையிலும் அதனைச் சுற்றியும் வணிக நிர்வாக மேற்படிப்பு அளிக்கும் கல்லூரிகள் பல. வேலையை விட்டுச் செல்ல இயலாதவர், 1985-ல் ஏற்பட்ட இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக, வீட்டிலிருந்தே வணிக நிர்வாகத்திலோ பொது நிர்வாகத்திலோ முதுகலைப் பட்டம் பெறலாம்.

கல்விக்காக உற்பத்தியாளர் ஒன்றுகூடுவது நம் மாவட்டத்திற்குப் புதியதுமன்று. போடிநாயக்கனூரில் 1971-ல் தோன்றிய கல்லூரி ஏல விவசாயிகள் சங்கத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. மலைமேல் ஏலம் பயிரிட்டவர்கள் அடிவாரத்தில் கல்லூரி கண்டார்கள். அந்தக் கல்லூரியிலும் உத்தமபாளையத்தில் 1956-ல் எழுந்த ஹவுதியா கல்லூரியிலும் படித்துப் பட்டம் பெற்றவர்களில் நெசவாளர், விவசாயிகளின் பிள்ளைகள் பலர். அவர்கள் மேற்படிப்பும் முடித்துக் கோயமுத்தூருக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் செல்கிறார்கள். செல்வதில் பிழையில்லை. ஆனால் அவர்களில் ஒருவரேனும் தந்தையின் சங்கத்தில் பணியாற்ற விரும்பினால், அதற்கு நாம் கதவைத் திறந்து வைத்திருக்கிறோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளவேண்டும்.

எழும் ஆட்சேபங்கள்

படித்தவருக்கு நூலின் நம்பர் தெரியுமா, தறியின் ஓசை தெரியுமா என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. நூலின் தரத்தைக் கையால் தொட்டு அறியாதவர் நெசவாளர் சங்கத்தை நடத்துவது அரிது. ஆகவே எந்தப் பட்டதாரியையும் முதல் ஆறு மாதம் அங்கத்தினர் வீடுகளிலும் சரக்கு அறையிலும் சந்தையிலும் பழக விடவேண்டும். நெசவாளியின் மகனோ மகளோ அப்படிப்பைப் படித்து வந்தால் இந்தக் குறை பாதி நீங்கிவிடும். குடும்பத்தின் தறியோசையில் வளர்ந்த பெண் கணக்கியலும் கற்று வருவாளானால், அவளைவிடத் தகுந்த மேலாளர் சங்கத்திற்கு எங்கே கிடைக்கப்போகிறார்?

சிறிய சங்கம் அவ்வளவு சம்பளம் கொடுக்க இயலுமா என்பது இரண்டாவது ஆட்சேபம். தனித்தனியே இயலாதுதான். ஆனால் ஏற்கெனவே பணியிலிருக்கும் ஊழியரைப் படிக்க வைப்பதற்குப் புதிய சம்பளம் வேண்டியதில்லை. சங்கத்தின் நிகர லாபத்திலிருந்து சட்டப்படி கூட்டுறவுக் கல்வி நிதிக்கு ஒரு பங்கு செல்கிறது. கல்விக்கென நம் அங்கத்தினர் பணம் கொடுத்துக்கொண்டேயிருக்கிறார்கள். அதன் பயனைக் கேட்டுப் பெறும் வழக்கந்தான் நம்மிடம் குறைவு.

படித்து முடித்ததும் வேறு வேலைக்குப் போய்விடுவார் என்பது மூன்றாவது. போவார்தாம், இங்கே அவருக்கு வேலை இல்லையென்றால். அடக்க விலையைக் கணித்து வந்தவரை ரசீது எழுத மட்டும் உட்காரவைத்தால், எவரும் தங்கமாட்டார். ஆனந்தில் குரியன் தங்கியதற்குக் காரணம் சம்பளம் அன்று. அவரை நம்பி வேலையை ஒப்படைத்தார்கள் என்பதே.

செய்யத்தக்கவை

ஒவ்வொரு சங்கமும் தன் ஊழியரில் ஒருவரை இவ்விரு துறைகளில் ஒன்றைத் தபால் வழியாகவேனும் கற்கத் தூண்டட்டும். தேர்வுக் காலத்தில் விடுப்பும், இயன்றால் கட்டணத்தில் ஒரு பகுதியும் அளிக்கட்டும். நிர்வாக மாணவர்கள் படிப்பின் பகுதியாக ஏதேனும் ஒரு நிறுவனத்தில் இரண்டொரு மாதம் பயின்று அறிக்கை எழுதவேண்டும். அவர்களைக் கம்பெனிகளுக்கே செல்ல விடாமல், எங்கள் சங்கத்தின் சரக்குத் தேக்கத்தை ஆராய்ந்து எழுதுங்கள் என்று கல்லூரிக்குக் கடிதம் எழுதி அழைக்கலாம். இதற்குச் செலவு ஒரு தபால் தலையும், அம்மாணவருக்கு இரு வேளைச் சாப்பாடுமே.

எல்லாவற்றையும் ஊழியரிடம் விட்டுவிட்டு அங்கத்தினர் வாளாவிருத்தலும் கூடாது. கற்றவரை வேலை வாங்கக் கேட்கத் தெரிந்த அங்கத்தினர் வேண்டும். அடுத்த மகாசபையில் கீழ்க்கண்ட ஐந்து கேள்விகளைக் கேட்குமாறு நம் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்:

1. நம் சரக்கு இருப்பில் ஆறு மாதத்திற்கு மேல் கிடப்பது எவ்வளவு? எந்த ரகம்?
2. ஒவ்வொரு ரகத்திற்கும் அடக்க விலை, வட்டியையும் சேர்த்து, எவ்வளவு?
3. நமக்கு வரவேண்டிய பாக்கியில் மிகப் பழையது எது? அதை வசூலிக்க என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது?
4. நூலும் கடனும் எந்த வரிசைப்படி வழங்கப்பட்டன? அந்த வரிசைப் பட்டியலை அங்கத்தினர் பார்க்க முடியுமா?
5. காரியதரிசி எந்த எல்லை வரை தாமே முடிவெடுக்கலாம் என்று தீர்மானம் இருக்கிறதா?

முதல் மூன்றும் வணிக நிர்வாகத்தைச் சார்ந்தவை. பின்னிரண்டும் பொது நிர்வாகத்தைச் சார்ந்தவை. இவற்றிற்குத் தாளைப் பார்த்துத் தயங்காமல் விடை சொல்லும் காரியதரிசி உள்ள சங்கம் நல்ல கையில் இருக்கிறது. விடை வராவிட்டால், காரியதரிசியைக் கடிந்துகொள்ளவேண்டாம். அவர் கற்றுக்கொள்வதற்கு இடம் செய்து கொடுங்கள்.

சங்கம் தேய்ந்தால் நெசவாளி தனியார் நூல் முதலாளியிடமே மீண்டும் பாவு கேட்டு நிற்கவேண்டும். விவசாயி முன்பணம் வாங்கிய மண்டியிலேயே அவர் சொன்ன விலைக்குப் பழத்தை இறக்கவேண்டும். நம் முன்னோர் சங்கம் கண்டது இந்த நிலையிலிருந்து மீள்வதற்காகவே. அவர்கள் பங்குத் தொகையைச் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கொடுத்தார்கள். அதை வளர்ப்பதற்குத் தேவையான கல்வியைச் சேர்த்துக் கொடுப்பது நம் தலைமுறையின் கடமையாகும். வரும் கல்வியாண்டில் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு சங்கத்திலிருந்தும் ஒருவரேனும் இப்படிப்பில் சேர்வாராக.